14 வயதில் முதல் பாகம், 20 வயதில் மூன்றாம் பாகம்: இளையோர் ஃபேன்டஸி நாவல்கள் ஏன் இவ்வளவு தாமதமாகின்றன?

ஒரு ஃபேன்டஸி எழுத்தாளர் தன் புதிய நாவலைப் பற்றிப் பேச எங்கே உட்கார்ந்தாலும், கேள்வி நேரத்தில் ஒரு கேள்வி தப்பாமல் வந்துவிடும். “அடுத்த பாகம் எப்போ?” கேட்பவர் கையில் இருக்கும் புத்தகத்தையே இன்னும் முடித்திருக்க மாட்டார். எழுத்தாளர் சிரித்து மழுப்புவார். கூட்டமும் சேர்ந்து சிரிக்கும். அதோடு விஷயம் முடிந்துவிடும்.

ஆனால், கேட்பவர் சின்ன வயசுக்காரர் என்றால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

டோமி அடெயெமி, நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த அமெரிக்க எழுத்தாளர். ஹார்வர்டில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, ஆய்வு உதவித்தொகையில் பிரேசிலின் சல்வடோர் நகரத்துக்குப் போனார். அங்கே ஒரு கடையில் ‘ஒரிஷா’க்கள் எனப்படும் ஆப்பிரிக்கத் தெய்வங்களின் படங்களைப் பார்த்ததுதான் தொடக்கம். கூடவே அமெரிக்காவில் கறுப்பின மக்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியாகும் செய்திகள் தந்த வலி. இரண்டும் சேர்ந்து ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’ ஆனது. மந்திரசக்தி பறிக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டம், அதை மீட்கப் புறப்படும் ஒரு பெண். 2018 மார்ச்சில் நாவல் வெளியானபோது அடெயெமிக்கு 24 வயது. புத்தகம் சக்கைப்போடு போட்டது. ஜினா பிரின்ஸ்-பைத்வுட் இயக்கத்தில் திரைப்படமாகவும் ஆகிறது.

இரண்டாம் பாகத்தை முதலில் 2019 மார்ச்சில் வெளியிடத் திட்டமிட்டிருந்தார்கள். தேதி தள்ளிப்போய், அந்த டிசம்பரில்தான் வந்தது. மூன்றாம் பாகம் 2024 ஜூனில்.

முதல் பாகத்தை 14 வயதில் படித்த ஒரு பெண், மூன்றாம் பாகம் வரும்போது 20 வயதில் இருக்கிறாள். நடுவில் பள்ளிக்கூடம் முடிந்து, கல்லூரியில் சேர்ந்து, கொரோனா வந்து போயிருக்கிறது. அவள் எந்தப் புத்தகத்துக்காகக் காத்திருந்தாளோ அந்தப் புத்தகம் வந்துவிட்டது. காத்திருந்த பிள்ளைதான் இப்போது இல்லை.

இளையோர் ஃபேன்டஸி எழுதுபவர்களின் பெரிய தலைவலி இதுதான். பெரியவர்களுக்கான ஃபேன்டஸி எழுதுகிறவருக்கு இது கிடையாது. 35 வயதில் காத்திருக்கத் தொடங்கியவர் 45 வயதிலும் கிட்டத்தட்ட அதே ஆள்தான், திட்டிக்கொண்டே காத்திருப்பார். 14 வயதுக்காரர் அப்படியில்லை.

‘இளையோர்’ என்பது யார்?

பதிப்புத் துறையில் ‘யங் அடல்ட்’, சுருக்கமாக ஒய்.ஏ. என்பார்கள். பொதுவாக 12 முதல் 18 வயது வரையிலானவர்களை மனதில் வைத்து எழுதப்படுவது. அது தனியான கதைவகை அல்ல. காதல், துப்பறிதல், பேய்க்கதை எதுவும் ஒய்.ஏ.வாக இருக்கலாம். புத்தகக் கடைக்காரர் எந்த அலமாரியில் வைப்பது என்பதற்கான அடையாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் போக்கர் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2012-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஒய்.ஏ. புத்தகங்களை வாங்குகிறவர்களில் 55 சதவீதம் பேர் 18 அல்லது அதற்கு மேல் வயதுள்ளவர்கள். ‘பிள்ளைகளுக்கான புத்தகத்தைப் பெரியவர்கள் திருட்டுத்தனமாகப் படிக்கிறார்கள்’ என்று அப்போது கிண்டல் செய்தார்கள். அந்தக் கணக்கை வேறு விதமாகவும் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அவர்களில் பலர், பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த தொடரை இன்னும் முடிக்காதவர்களாக இருக்கலாம் இல்லையா?

அச்சானதை அழிக்க முடியாது

சரி, ஏன் தாமதமாகிறது? சோம்பேறித்தனம் என்று பலர் சொல்லிவிடுவார்கள். வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

தனி நாவல் எழுதுகிறவர் முப்பதாவது அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டால், மூன்றாவது அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய் ஒரு வரியை மாற்றிக்கொள்ளலாம். நாயகிக்கு நீச்சல் தெரியாது என்று எழுதியிருந்தால், தெரியும் என்று திருத்திவிட்டால் தீர்ந்தது. தொடர் எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. அந்த மூன்றாவது அத்தியாயம் ஏற்கெனவே அச்சாகி, பல லட்சம் பேர் கையில் இருக்கிறது. அவர்களில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம் வேறு. முதல் பாகத்தில் அறியாமல் போட்ட ஒவ்வொரு வரியும் நான்காம் பாகத்தில் வந்து வழியை மறித்துக்கொண்டு நிற்கும்.

ஃபேன்டஸியில் இது இன்னும் மோசம். ஏனென்றால் அங்கே சட்டதிட்டங்களையும் எழுத்தாளரே போட்டிருக்கிறார். மந்திரத்தால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, செய்தால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதெல்லாம். ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-ல் இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார். ஒரு சிக்கலை மந்திரத்தால் தீர்த்து வாசகரைத் திருப்திப்படுத்த வேண்டுமானால், அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது வாசகருக்கு முன்கூட்டியே புரிந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பல்கலைக்கழகத்தில் அவர் எடுக்கும் எழுத்து வகுப்புகள் யூடியூபில் இலவசமாகவே கிடைக்கின்றன. எழுத ஆசைப்படுகிறவர்கள் ஒரு வார இறுதியை அதற்கு ஒதுக்கலாம்.

ஹாரி பாட்டர் இதற்கு நல்ல உதாரணம். முதல் நான்கு நாவல்கள் 1997, 98, 99, 2000 என்று வருஷம் தவறாமல் வந்தன. நான்காவதை எழுதும்போது பாதி வழியில் கதைத் திட்டத்தில் பெரிய ஓட்டை இருப்பதை ஜே.கே. ரவுலிங் கண்டுபிடித்தார். வீஸ்லி குடும்பத்தின் உறவுக்காரப் பெண்ணாக உருவாக்கி வைத்திருந்த ஒரு பாத்திரத்தை அப்படியே தூக்கிவிட்டு, கதையைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அந்த வேகம் இல்லை. ஐந்தாவது நாவல் வர மூன்று வருஷம் ஆனது. ஐந்தாவதற்காக அவர் கையால் கோடு போட்டு எழுதிய அட்டவணையின் ஒரு பக்கம் இணையத்தில் பிரபலம். எந்த மாதம், எந்த அத்தியாயம், முக்கியக் கதை என்ன, ஒவ்வொரு கிளைக்கதையும் அப்போது எங்கே நிற்கிறது என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார். நம் அலுவலகத்தில் எக்செல்லில் செய்கிற அதே வேலைதான்.

வயதுக் கணக்கையும் பாருங்கள். ஏழு நாவல்களில் ஹாரி 11 வயதிலிருந்து 17 வயதுக்கு வருகிறான். 1997-ல் 11 வயதாக இருந்த வாசகருக்கு 2007-ல் 21 ஆகிவிட்டது. நாயகனுக்கு ஆறு வருஷம், வாசகருக்குப் பத்து வருஷம். இந்த அளவுக்காவது ஒட்டிப்போனதே பெரிய விஷயம். புத்தகங்கள் போகப்போகத் தடித்ததும், கதை இருண்டதும், கூடவே வளர்ந்த வாசகர்களை இழக்காமல் இருக்க உதவியிருக்கும்.

மொன்டானா பையன்

கிறிஸ்டோஃபர் பவோலினியின் கதை இதில் தனி ரகம். ஏனென்றால், எழுத்தாளரே இளையோராக இருந்தபோது ஆரம்பித்த தொடர் அது.

அமெரிக்காவின் மொன்டானா மாகாணத்தில் பாரடைஸ் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர். பள்ளிக்கூடம் போகவில்லை, வீட்டிலேயே படிப்பு. 15 வயதில் உயர்நிலைப் படிப்பை முடித்துவிட்டார். கையில் நேரம் நிறைய. ‘எரகான்’ எழுத ஆரம்பித்தார். ஒரு பண்ணைச் சிறுவனுக்கு டிராகன் முட்டை கிடைக்கிற கதை.

அவர் திட்டம் போட்டு எழுதுகிற ஜாதி. அதற்கு முன்பு கதை எழுத முயன்றபோதெல்லாம் சில பக்கங்களுக்கு மேல் நகரவில்லை. காரணம், அடுத்து என்ன நடக்கும் என்பது அவருக்கே தெரியாது. அதனால் கதையமைப்பு பற்றிய புத்தகங்களைப் படித்து, மூன்று பாகத்துக்கும் முதலிலேயே வரைபடம் போட்டுவிட்டு உட்கார்ந்தார். முதல் பிரதி எழுத ஒரு வருஷம். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் அவருக்கே பிடிக்கவில்லை. திருத்தி எழுத இன்னொரு வருஷம். மூன்றாவது வருஷம் பெற்றோருடன் சேர்ந்து பிழை திருத்தி, பக்கம் கட்டி, வீட்டுப் பதிப்பகத்தின் மூலமே 2002-ல் அச்சடித்தார்கள்.

விற்பதும் அவர்தான். நடுக்கால ஐரோப்பிய உடை போட்டுக்கொண்டு பள்ளிகள், நூலகங்கள், கடைகள் என்று 135-க்கும் மேற்பட்ட இடங்களில் பேசினார். மொன்டானாவுக்கு விடுமுறையில் வந்திருந்த எழுத்தாளர் கார்ல் ஹையசனின் வளர்ப்பு மகன் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்துச் சொக்கிப்போக, ஹையசன் தன் பதிப்பகமான க்னாஃபிடம் சொன்னார். 2003 ஆகஸ்டில் க்னாஃப் பதிப்பு வந்தபோது பவோலினிக்கு 19 வயது.

மூன்று பாகம் என்று சொன்னது என்ன ஆச்சு? இரண்டாம் பாகம் 2005-ல் வந்தது. மூன்றாவதை எழுதிக்கொண்டே போனவர், இது ஒரு புத்தகத்தில் அடங்காது என்று 2007-ல் அறிவித்தார். அத்தனை கச்சிதமாகத் திட்டம் போட்டவருக்கே அந்த நிலைமை. மூன்றாவதான ‘பிரிசிங்கர்’ 2008-லும் நான்காவது 2011-லும் வந்தன. ‘பிரிசிங்கர்’ எழுதும்போது இன்னொரு கூத்து: கணினி விசைப்பலகை தன்னைக் கட்டிப்போடுகிறது என்று, மை தொட்டு எழுதும் பேனாவாலும் தடித்த காகிதத்தாலும் எழுதினார். அதைத் தட்டச்சு செய்தது அவருடைய அம்மா. அந்த அம்மாவுக்குத் தனியாக ஒரு விருது கொடுத்திருக்க வேண்டும்.

அதே உலகத்தில் அடுத்த நாவலான ‘முர்டாக்’ 2023 நவம்பரில்தான் வந்தது. 12 வருஷ இடைவெளி. 2003-ல் 13 வயதில் எரகானைப் படித்தவருக்கு அப்போது 33 வயது. அவர்களில் சிலர் அதைத் தங்கள் பிள்ளைகளுக்கும் சேர்த்து வாங்கியிருந்தால் ஆச்சரியமில்லை.

முதல் நாவலுக்கு ஆறு வருஷம், இரண்டாவதுக்கு ஒன்றரை

சபா தாஹிர் விஷயத்தில் சிக்கல் வேறு மாதிரி. பாகிஸ்தான் வம்சாவளியைச் சேர்ந்த இவர் லண்டனில் பிறந்து, கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் பெற்றோர் நடத்திய 18 அறை மோட்டலில் வளர்ந்தவர். பிறகு வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் இரவுப் பணி, பிரதி திருத்தும் வேலை. ஒருநாள் அவர் மேஜைக்கு வந்தது காஷ்மீரைப் பற்றிய ஒரு செய்திக் கட்டுரை. ராணுவம் அழைத்துப் போய்த் திரும்பி வராத கணவர்கள், மகன்கள், சகோதரர்களைத் தேடும் பெண்களைப் பற்றியது. என் அண்ணனையோ தம்பியையோ இப்படிக் கொண்டுபோனால் நான் என்ன செய்வேன் என்ற கேள்வி அவரை விடவில்லை. ‘அன் எம்பர் இன் தி ஆஷஸ்’ நாவலின் லாயா, சிறைப்பட்ட தன் அண்ணனை மீட்க எதிரியின் கோட்டைக்குள் அடிமையாக நுழைவது அங்கிருந்து வந்ததுதான்.

அந்த நாவலை எழுத ஆறு வருஷம் ஆனது. வேலை, வீடு எல்லாவற்றுக்கும் நடுவில். யாரும் கேட்கவில்லை, யாரும் காத்திருக்கவும் இல்லை. கடைசித் தேதி என்று எதுவும் கிடையாது. 2015 ஏப்ரலில் புத்தகம் வந்தது. கதை அந்தரத்தில் நின்றது. இரண்டாம் பாகம் வருமா என்ற அறிவிப்பே அப்போது இல்லை. ரசிகர்கள் ஹேஷ்டேக் போட்டு இரண்டாம் பாகம் கேட்டார்கள். கொஞ்ச நாளிலேயே அறிவிப்பு வந்தது. அடுத்த பாகம் 2016 ஆகஸ்டில் கடைக்கு வந்துவிட்டது.

முதல் நாவலுக்கு ஆறு, இரண்டாவதுக்கு ஒன்றரை வருஷத்துக்கும் குறைவு. அந்த ஒன்றரை வருஷமும் எழுதுவதற்குக் கிடைத்தது இல்லை. பிரதி கொடுத்த பிறகு எடிட்டர் பக்கம் பக்கமாகத் திருத்தக் குறிப்பு அனுப்புவார். எழுதியவர் மறுபடி எழுத வேண்டும். பிறகு மொழி திருத்தம், மெய்ப்பு, அட்டை, விமர்சகர்களுக்கான முன்பிரதி. இதற்கே பல மாதங்கள் போய்விடும். வருஷத்துக்கு ஒரு புத்தகம் என்றால், முதல் பிரதியை உட்கார்ந்து எழுதக் கையில் இருப்பது சில மாதங்கள்தான். அந்தச் சில மாதங்களிலும் முந்தைய புத்தகத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பேச வேண்டும். “அடுத்த பாகம் எப்போ?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே அடுத்த பாகம் எழுதும் நேரத்தில் பாதி போய்விடும்!

பணமும் இதில் இருக்கிறது. பதிப்பகம் தரும் அட்வான்ஸ் தொகை மொத்தமாக வந்துவிடாது. ஒப்பந்தம் போடும்போது ஒரு பங்கு, பிரதியைக் கொடுத்ததும் ஒரு பங்கு, புத்தகம் வெளியானதும் ஒரு பங்கு என்று பிரித்துத் தருவதே வழக்கம். பிரதி தாமதமானால் வருமானமும் தாமதம். இஎம்ஐ கட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நேரம் எடுத்துக்கொண்டு நிதானமாக எழுதுங்கள் என்று வெளியிலிருந்து நாம் சொல்வது சுலபம். வேலையை விட்டுவிட்டு எழுத வந்தவருக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

தாஹிர் அந்த வரிசையை 2016, 2018, 2020 என்று இரண்டு வருஷத்துக்கு ஒன்றாக நான்கு பாகங்களில் முடித்தார். பாலைவன மோட்டல் வாழ்க்கையிலிருந்து எடுத்து எழுதிய ‘ஆல் மை ரேஜ்’ ஃபேன்டஸி அல்ல. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது 15 வருஷம். அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதை 2022-ல் வாங்கித் தந்தது அதுதான். விருது மட்டுமே தரத்தின் அளவுகோல் என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்த 15 என்ற எண் கண்ணில் படத்தான் செய்கிறது.

2024-ல் எம்பர் உலகத்துக்குத் திரும்பி ‘எயர்’ என்ற நாவலைக் கொண்டுவந்தார். புத்திசாலித்தனமான ஏற்பாடு அது: பழைய கதை முடிந்து 20 வருஷம் கழித்து நடக்கிறது. பழைய வாசகர்களுக்குப் பழைய நாயகர்கள் நடுவயதுக்காரர்களாகத் தெரிவார்கள். புதிதாக வரும் 14 வயதுக்காரருக்கும் தன் வயதை ஒட்டிய புது ஆட்கள் கிடைப்பார்கள்.

வருஷத்துக்கு ஒன்று யாராலும் முடியாதா?

ரிக் ரியார்டன் முடித்துக் காட்டியிருக்கிறார். பெர்சி ஜாக்சன் வரிசையின் ஐந்து நாவல்களும் 2005 முதல் 2009 வரை ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. முதல் கதையில் பெர்சிக்கு 12 வயது, கடைசிக் கதை அவனுடைய 16-வது பிறந்தநாளில் போய் முடிகிறது. நாயகனும் வாசகரும் சரியாக ஒரே வேகத்தில் வளர்ந்த அபூர்வமான தொடர் இது.

எப்படி முடிந்தது? கிரேக்கப் புராணம் என்ற ஆயத்த உலகம் கையில் இருந்தது ஒரு காரணம். தெய்வங்கள், அரக்கர்கள், உறவுமுறைகள் எதையும் அவர் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. இன்னொன்று, பல வருஷம் நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருந்தவர் அவர். டிஸ்லெக்சியாவும் கவனக்குறைபாடும் இருந்த தன் மகனுக்குப் படுக்கை நேரத்தில் சொன்ன கதைதான் முதல் நாவல். எழுதியதைத் தன் பள்ளி மாணவர்களிடமே கொடுத்துக் கருத்துக் கேட்டார். எந்த இடத்தில் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள் என்று தெரிந்துவைத்திருந்தவருக்குத் திருத்தி எழுதும் வேலையில் பாதி மிச்சம்தானே.

நாளுக்கு மூன்று பக்கம்

இந்தக் கூட்டத்தில் அவசரமே படாதவர் ஃபிலிப் புல்மன். ‘நார்தர்ன் லைட்ஸ்’ நாவல் 1995-ல் வந்தது. லைரா என்ற 11 வயதுக் குறும்புக்காரி அதன் நாயகி. ஆக்ஸ்ஃபோர்டில் தன் வீட்டுத் தோட்டத்தில் இருந்த மரக்கொட்டகையில் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில், பால்பாயின்ட் பேனாவால், நாளுக்கு மூன்று பக்கம் எழுதுவது அவர் வழக்கம். மூன்றாவது பக்கம் முடிந்ததும் நான்காவது பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டு எழுந்துவிடுவார். மறுநாள் காலையில் வெற்றுத் தாள் அவரை முறைத்துப் பார்க்காது. எழுத உட்கார்ந்து மொபைலை எடுத்துவிடுகிறவர்கள் இந்தத் தந்திரத்தைத் தாராளமாகத் திருடிக்கொள்ளலாம். பவோலினியைப் போல வரைபடம் எல்லாம் கிடையாது. எழுதிக்கொண்டே கண்டுபிடிப்பவர் இவர்.

லைராவின் முதல் மூன்று நாவல்கள் 2000-ல் முடிந்தன. இரண்டாவது வரிசை 2017-ல்தான் தொடங்கியது. எழுதி முடிக்கும்வரை முடி வெட்டமாட்டேன் என்று வேண்டுதல் போல இருந்து, குடுமியோடு வலம் வந்தார். 2019-ல் வந்த நாவலில் லைராவுக்கு 20 வயது. கடைசிப் பாகமான ‘தி ரோஸ் ஃபீல்ட்’ 2025 அக்டோபரில், புல்மனுக்கு 79 வயது நிறைந்த அதே வாரத்தில் வந்தது. முதல் நாவலை 12 வயதில் படித்தவருக்கு இப்போது 42. வாசகர் வளர்ந்துவிட்டார் என்பதை மறைக்காமல், லைராவையும் பெரியவளாக்கிவிட்டார். இந்த இரண்டாவது வரிசையின் பின்பகுதி 12 வயதுப் பிள்ளைக்கு ஏற்றதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

18 வருஷம் மூடிக்கிடந்த கதவு

தாமதத்துக்கு இதுவரை பார்த்த காரணங்கள் எல்லாம் தொழில் சார்ந்தவை. உர்சுலா லெ குவின் விஷயத்தில் காரணம் ஆழமானது.

1967-ல் கலிஃபோர்னியாவின் சின்னப் பதிப்பகமான பர்னாசஸ் பிரஸ், கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதித் தர முடியுமா என்று அவரைக் கேட்டது. அவர் அதுவரை பிள்ளைகளுக்காக எழுதியதில்லை. யோசித்தபோது ஒரு விஷயம் உறைத்தது. கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாம் வெள்ளைத் தாடிக் கிழவர்கள். அவர்களும் ஒரு காலத்தில் பையன்களாகத்தானே இருந்திருப்பார்கள்? மந்திரத்தை எங்கே போய்ப் படித்தார்கள்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது ரோக் தீவின் மந்திரவாதிப் பள்ளிக்கூடம். ஹாக்வார்ட்ஸுக்கு 29 வருஷம் மூத்தது. ஒரு பெரிய தாளில் தீவுக்கூட்டத்தின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். 1968-ல் ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ’ வந்துவிட்டது. மூன்றாம் பாகம் 1972-ல்.

நான்காம் பாகத்தையும் உடனே எழுத உட்கார்ந்தார். அதை டெனார் என்ற பெண்ணின் கண் வழியாகச் சொல்ல நினைத்தார். கதை நகரவில்லை. விட்டுவிட்டார். அது மீண்டும் திறந்து ‘தெஹானு’ என்ற நாவலாக வந்தது 1990-ல். 18 வருஷம்.

என்ன தடுத்தது? எர்த்சீயின் சட்டதிட்டத்தை அவரே எழுதியிருந்தார் இல்லையா, அதில் உயர்ந்த மந்திரம் ஆண்களுக்கு மட்டும். பள்ளிக்கூடம் ஆண்களுக்கு மட்டும். பெண்களின் மந்திரம் மட்டமானது என்று அங்கே பழமொழியே உண்டு. இளம் வயதில், சுற்றியிருந்த வீரக்கதை மரபிலிருந்து யோசிக்காமல் எடுத்துப் போட்ட விதிகள் அவை. இப்போது ஒரு பெண்ணை நடுவில் நிறுத்தினால் அந்த உலகத்தில் அவளுக்கு இடமே இல்லை. இடைப்பட்ட காலத்தில் பெண்ணியத்தைப் படித்து, தன் எழுத்தையே திரும்பக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் எழுத முடிந்தது என்பதை அவர் பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய ஓர் உரையில் விரிவாகவே பேசினார்.

முன்னால் சொன்னோமே, அச்சானதை அழிக்க முடியாது என்று. லெ குவின் அழிக்கவில்லை. பழைய பாகங்களில் எதையும் மாற்றாமல், அதே தீவுகளை ஒரு நடுவயது விதவையின் சமையலறையிலிருந்து பார்த்தார். முதல் மூன்று பாகங்களின் மாவீரன் இதில் மந்திரசக்தி எல்லாம் போய் வெறும் மனிதனாக வந்து சேர்கிறான். எரியூட்டப்பட்டுப் பிழைத்த ஒரு சிறுமியை டெனார் வளர்க்கிறாள். டிராகன் சண்டையை எதிர்பார்த்து வந்த பழைய ரசிகர்கள் சிலருக்குக் கோபம். நெபுலா விருதுக்கு வாக்களித்தவர்களுக்கு இல்லை. அந்த ஆண்டின் விருது ‘தெஹானு’வுக்குத்தான். முதல் பாகத்தை 14 வயதில் படித்த ஒரு பெண்ணுக்கு 1990-ல் 36 வயது. மந்திரப் பள்ளிக்கூடம் பற்றிய இன்னொரு கதையைவிட இது அவளுக்கு அப்போது தேவைப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

‘தெஹானு’வின் அட்டையில் ‘எர்த்சீயின் கடைசிப் புத்தகம்’ என்று போட்டிருந்தது. 2001-ல் அடுத்தடுத்து இன்னும் இரண்டு எர்த்சீ புத்தகங்கள் வந்தன. கடைசி என்று எழுத்தாளர் சொன்னால் நம்பக் கூடாது போலிருக்கிறது.

எதில் ஆரம்பிக்கலாம்?

காத்திருக்கும் பொறுமை இல்லாதவர்கள் முடிந்துபோன தொடர்களையே எடுக்கலாம். அடெயெமியின் மூன்று பாகங்களும் இப்போது முழுசாகக் கிடைக்கின்றன. இடைவெளி விட்டுப் படித்தால் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துவிடும், எனவே ஒரே மூச்சில் படிப்பது நல்லது. தாஹிரின் முதல் நான்கு பாகங்களும் அப்படியே. வீட்டில் 10, 12 வயதுப் பிள்ளை இருந்தால் பெர்சி ஜாக்சன்.

எர்த்சீயின் நாவல்கள், சிறுகதைகள் எல்லாம் சேர்ந்து ‘தி புக்ஸ் ஆஃப் எர்த்சீ’ என்று ஒரே தடித்த தொகுப்பாக 2018 அக்டோபரில் வந்தது. அதன் ஓவியங்களுக்காக சார்ல்ஸ் வெஸ்ஸுடன் லெ குவின் நான்கு வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தார். டிராகன் எப்படி இருக்க வேண்டும் என்பதில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே இருந்தார். புத்தகம் வந்தபோது அவர் இல்லை. அந்த ஜனவரியில் 88 வயதில் காலமாகிவிட்டார்.